துனிசியன் குரோஷே ஹெட்பேண்ட்: அடி ஓரம் குழாய் மாதிரி சுருளுது, அகலமும் குறையுது

நூல்பந்து (சிராஸ், கோலாலம்பூர்) கேட்டது:

வணக்கம். சாதாரண குரோஷே நல்லா வரும். துனிசியன் (ஒரு வரிசையின் லூப் எல்லாத்தையும் ஹூக்கிலேயே சேர்த்து, திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக இறக்கும் குரோஷே முறை) இதுதான் முதல் தடவை. ஒரு எளிய ஹெட்பேண்ட்தான், பட்டையாக நேராகப் பின்னி இரண்டு முனையையும் தைத்துவிடும் வகை.

நூல் மில்க் காட்டன் 5 பிளை, 50 கிராம் உருண்டை. லேபிளில் 3.5 மிமீ ஹூக் என்று போட்டிருக்கு. துனிசியனுக்குப் பெரிய ஹூக் வேணும் என்று எல்லாரும் சொல்வதால் 6ஆம் நம்பர் எடுத்தேன். நீள ஹூக் இல்லை, கையில் இருந்த சாதாரண அலுமினிய ஹூக்தான். 16 செயின், முழுக்க சிம்பிள் ஸ்டிட்ச் (துனிசியனின் அடிப்படைத் தையல்). 22 வரிசை முடிஞ்சிருக்கு.

இப்போ நிலைமை: அடி ஓரம் முன்பக்கமாக மேலே சுருண்டு நிற்குது, கையால் நீவிவிட்டாலும் திரும்ப ஓடுது. அடியில் அகலம் 7 செமீ, மேலே 6 செமீதான். லூப் எண்ணினால் 14 இருக்கு, இரண்டு எங்கே போச்சுன்னு தெரியலை. வலது ஓரம் நேரா இருக்கு, இடது ஓரம் மட்டும் அலை அலையா, ஓட்டை ஓட்டையா. துணியும் அட்டை மாதிரி விறைப்பு.

தலைச் சுற்றளவு 55 செமீ. எத்தனை செமீ பின்னணும்? ஒன்று இங்கே ஜாக்கிங் போகும்போது வியர்வைக்கு, இன்னொன்று கேமரன் மலைக்குப் போகும்போது காது மூட. இரண்டுக்கும் ஒரே நூல் போதுமா?


கொக்கிமுனை (பாயான் லெப்பாஸ், பினாங்கு):

முதலில் ஒரு கணக்கு. உங்கள் நூலில் 6 மிமீ ஹூக்கால் 16 தையல் போட்டால் 9 முதல் 10 செமீ அகலம் வரணும். வந்திருப்பது 7. அதாவது ஒரு தையலுக்கு 4.4 மிமீ. அது 3.5 மிமீ ஹூக் கொடுக்கிற அகலம். ஹூக்கில் கட்டைவிரல் வைக்கும் தட்டையான இடத்தில் என்ன பொறிச்சிருக்குன்னு பாருங்க. 6/0 என்று இருந்தால் அது ஜப்பான் எண். 6/0 என்றால் 3.5 மிமீ. 7/0 என்றால் 4, 8/0 என்றால் 5, 9/0 என்றால் 5.5, 10/0 என்றால்தான் 6 மிமீ. இங்கே கடைகளில் மூணு நாட்டு அளவும் கலந்து தொங்கும். அமெரிக்க எழுத்து போட்டிருந்தால் எச் 5, ஐ 5.5, ஜே 6. எண்ணையும் எழுத்தையும் நம்பாமல் மிமீ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள்.

விறைப்புக்கு முழுக் காரணமும் சுருளலுக்குப் பாதிக் காரணமும் அதுதான் என்பது என் ஊகம். மீதிப் பாதி துனிசியனின் பிறவிக் குணம். சிம்பிள் ஸ்டிட்சில் முன்பக்கம் தெரிவது நிற்கும் கம்பி, அதாவது ஒவ்வொரு தையலிலும் செங்குத்தாக நிற்கும் நூல், மட்டும். திரும்பி வரும்போது போடுகிற சங்கிலியின் பருமன் பின்பக்கம் தங்கும். பின்னால் நூல் அதிகம், முன்னால் குறைவு, அதனால் துணி முன்பக்கமாக மடங்கும். ஹூக் சின்னதாக இருந்தால் அந்தப் பருமனுக்கு இடமே இருக்காது, இன்னும் வேகமாகச் சுருளும். லேபிள் சொல்லும் அளவுக்கு மேல் 1.5 முதல் 2 மிமீ கூட்டுங்கள். உங்கள் நூலுக்கு 5 அல்லது 5.5.

ஆனால் ஒன்று. அடி ஓரம் சுருளுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹெட்பேண்டில் அந்த ஓரத்தை எப்படியும் மேல் முனையோடு சேர்த்துத் தைக்கப் போகிறீர்கள். தைத்த பிறகு சுருள அங்கே ஓரமே கிடையாது. நீங்கள் கவனிக்க வேண்டியது நீளவாட்டில் போகும் இரண்டு பக்க ஓரங்களை. அவை பெரிய ஹூக்கில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி காணாமல் போன இரண்டு தையல். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு நடை: வலமிருந்து இடம் போகிற நடையில் லூப் எல்லாம் ஹூக்கில் சேரும், இடமிருந்து வலம் வருகிற நடையில் ஒவ்வொன்றாக இறங்கும். துணியைத் திருப்பவே கூடாது. தையல் தொலைவது மூன்று இடத்தில்.

போகிற நடையின் கடைசித் தையல்தான் முதல் சந்தேகம். இடது விளிம்பில் அது ஒரு கம்பியாக நிற்காமல் பக்கவாட்டுக்குத் திரும்பிப் படுத்திருக்கும், பலர் அதைத் தையலாகவே மதிப்பதில்லை. இரண்டாவது, வருகிற நடையின் தொடக்கம். நூலைச் சுற்றி முதலில் ஒரே ஒரு லூப் வழியாக மட்டும் இழுக்கணும். அது விளிம்புச் செயின். அதன் பிறகுதான் நூலைச் சுற்றி இரண்டு லூப், நூலைச் சுற்றி இரண்டு லூப் என்று வரணும். ஆரம்பத்திலேயே இரண்டு வழியாக இழுத்தால் அந்த வரிசையில் ஒரு தையல் போச்சு. மூன்றாவது, வரும் வழியில் கவனம் தப்பி மூன்று லூப்பைச் சேர்த்து இழுத்துவிடுவது.

இடது ஓரம் ஓட்டையாக இருப்பதும் அந்தக் கடைசித் தையலால்தான். அங்கே முன்னால் ஒரு கம்பி, அதற்கு நேர் பின்னால் இன்னொரு நூல், இரண்டும் இருக்கும். நடுத் தையல்களில் முன் கம்பிக்கு அடியில் மட்டும் ஹூக் போனால் போதும். விளிம்பில் மட்டும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கணும். இடது கையின் இரண்டு விரலால் விளிம்பை லேசாகக் கிள்ளி உங்கள் பக்கம் திருப்பினால் இரண்டு நூலும் படுத்த 'வி' வடிவில் தெரியும். அதன் வழியாக ஹூக்கை விட்டால் ஓரம் சங்கிலி மாதிரி நேராக வரும்.

பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும்போது இப்படிச் செய்யுங்கள். 16 செயின், கொஞ்சம் தளர்வாக. சங்கிலியைப் புரட்டினால் முதுகில் ஒவ்வொரு செயினுக்கும் ஒரு மேடு தெரியும். ஹூக்கிலிருந்து இரண்டாவது செயினின் மேட்டில் தொடங்கி ஒவ்வொரு மேட்டிலும் ஒரு லூப் எடுங்கள். 15 லூப் எடுப்பீர்கள், ஏற்கெனவே ஹூக்கில் ஒன்று, ஆக 16. மேட்டில் எடுப்பதற்குக் காரணம் இரண்டு: அடி ஓரம் குறைவாகச் சுருளும், முன்பக்க 'வி' எல்லாம் தைப்பதற்குச் சும்மா காத்திருக்கும். பிறகு வருகிற நடை: ஒரு லூப், அப்புறம் இரண்டிரண்டாக, கடைசியில் ஹூக்கில் ஒன்று மிஞ்சும்வரை. அந்த ஒன்றுதான் அடுத்த வரிசையின் முதல் தையல். ஆகவே அடுத்த வரிசையில் அதற்கு நேர் கீழே உள்ள கம்பியில் ஹூக்கை விடாமல் அதற்கு அடுத்த கம்பியிலிருந்து எடுங்கள். முதல் கம்பியிலேயே விட்டால் ஒரு தையல் கூடும், வலது ஓரம் வெளியே தள்ளும்.

ஒவ்வொரு முறையும் இடது முனைக்குப் போனதும் லூப்பை எண்ணுங்கள். 16 இல்லையென்றால் திரும்பி வராதீர்கள். வந்துவிட்டால் பிரிப்பது இரட்டை வேலை.

அகலம் குறைந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். துணியின் உயரத்தைத் தீர்மானிப்பது போகிற நடையில் லூப்பை எவ்வளவு உயரம் இழுக்கிறோம் என்பது. அகலத்தைத் தீர்மானிப்பது வருகிற நடையின் இறுக்கம். திரும்பி வரும் நூல் படுக்கைவாட்டில் சங்கிலியாக ஓடுகிறது, அதை இறுக்கினால் பட்டை ஒல்லியாகும். சாதாரண குரோஷேயில் பழகிய கை ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் நூலைச் சுண்டிவிடும். இங்கே அந்தச் சுண்டல் வேண்டாம்.


அம்பாங் அக்கா (அம்பாங்):

தங்கச்சி, நூல் விஷயத்துக்கு நான் வர்றேன். மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி.

ஜாக்கிங்குக்கு மில்க் காட்டன் பரவாயில்லை, ஆனா பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க. மில்க் காட்டன்னு விக்கிற பல உருண்டையில அக்ரிலிக்கும் கலந்திருக்கும், எவ்வளவுன்னு ஒவ்வொரு லேபிளும் ஒவ்வொண்ணு சொல்லும். அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது, நெத்தியில வழுக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு முழுப் பருத்தி, இல்லைன்னா மூங்கில் நார் கலந்த பருத்திதான் சுகம். அதுக்கும் ஒரு குறை இருக்கு: இழுத்தா திரும்பி வராது. நனைஞ்சா கனம் கூடி இன்னும் தொங்கும். அதனால ஓடும்போது போடுறதை அகலமாப் பின்னாதீங்க, 6 செமீ போதும்.

கேமரனுக்கு அந்த நூலே வேண்டாம். 8 பிளை அக்ரிலிக், இல்லை கம்பளி கலந்தது எடுங்க. லேபிள்ல 4 மிமீ இருந்தா 6 மிமீ ஹூக். 16 தையலே 10 செமீ பக்கம் வரும், காது முழுசா மூடும். அதுல சிம்பிளுக்குப் பதிலா நிட் ஸ்டிட்ச் போட்டா காத்து நுழையாது. கம்பிக்கு அடியில போகாம, ஒரு தையலோட முன் கம்பிக்கும் பின் கம்பிக்கும் நடுவுல ஹூக்கை நேரா பின்பக்கம் குத்தி எடுக்கணும். பார்க்க ஊசியில பின்னின ஸ்வெட்டர் மாதிரியே இருக்கும். ஆனா தடிமன் கூடும், சிம்பிளைவிட அதிகமாச் சுருளும், வரிசை உயரம் குறைவா வர்றதால அதே நீளத்துக்கு வரிசையும் நூலும் கூடுதலா வேணும். முதல் ஹெட்பேண்டை சிம்பிள்ல முடிச்சிட்டு இதுக்குப் போங்க.

நீளத்துக்கு எல்லாரும் "தலையளவுல 5 செமீ குறை"ன்னு ஒரே போடா போட்டுடுவாங்க. அது இழுபடுற பின்னலுக்குச் சரி. துனிசியன் அவ்வளவு இழுபடாது. 20 வரிசை பின்னி, தரையில வச்சு 10 செமீ அளந்து, இரண்டு கையால மெதுவா நீளவாட்டில் இழுத்துப் பாருங்க. சிரமமில்லாம 11 செமீக்கு வந்தா பத்துல ஒண்ணு இழுபடுது. அதுல பாதியைத்தான் கழிக்கணும், அதாவது நூத்துக்கு 5. உங்க 55க்கு 3 செமீ கழிச்சா 52. முழு இழுப்பையும் கழிச்சா அரைமணி நேரத்துல தலைவலி. ஒண்ணுமே கழிக்கலைன்னா சாயங்காலத்துக்குள்ள புருவத்துக்கு இறங்கிடும்.

அளவெடுக்கிற இடமும் முக்கியம். நெத்தியில முடி ஆரம்பிக்கிற கோடு, காதுக்கு மேல்பாதி, பின்னால பிடரி. சடை போட்டா சடைக்கு அடியில, கொண்டை போட்டா கொண்டைக்குக் கீழே. ஜடை தடிமனா இருக்கவங்க முடியோட சேர்த்து அளக்கணும்.

ஹூக் நீளம்: 16 லூப் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி நின்னா 6, 7 செமீ இடம் பிடிக்கும். அலுமினிய ஹூக்ல கட்டைவிரல் பள்ளம் நடுவுல வர்றதால லூப் அதைத் தாண்டும்போது மாட்டும். ரப்பர் கைப்பிடி போட்ட ஹூக் இன்னும் மோசம், கைப்பிடி மேல ஏறின லூப் மட்டும் பெருசா இழுபட்டு இடது ஓரம் தளர்ந்துடும். பள்ளமே இல்லாம ஒரே பருமனா இருக்கிற மூங்கில் ஹூக் ஒண்ணு வாங்குங்க, பின் முனையில ரப்பர் பேண்டை நாலு சுத்து சுத்துங்க. லூப் கழண்டு விழாது. இவ்வளவு சின்ன வேலைக்கு நீள ஹூக் வாங்கித்தான் ஆகணும்னு இல்லை.


நூல்பந்து:

மிக்க நன்றி. ஹூக்கைக் கண்ணாடி வச்சுப் பார்த்தேன், 6/0 என்றுதான் இருக்கு!

5.5 மிமீ மூங்கில் ஹூக்கில் திரும்ப ஆரம்பித்து 20 வரிசை போட்டேன். 16 தையல் சரியாக 9 செமீ. 10 வரிசைக்கு 6.5 செமீ. இடது ஓரம் இப்போ வலதைப் போலவே இருக்கு. அடியில் முதல் மூன்று வரிசை மட்டும் லேசாகச் சுருளுது. 10 செமீயை இழுத்தால் 11 வருது, அக்கா சொன்னபடியே.

மூன்று சந்தேகம். 50 கிராம் ஒரு உருண்டையில் முடியுமா? பட்டை கொஞ்சம் இடது பக்கம் சாய்கிற மாதிரி தெரியுது, அது தப்பா? முனைகளை எப்படிச் சேர்ப்பது, நடுவில் முறுக்கு வைக்கிற மாதிரியும் செய்ய முடியுமா?


கொக்கிமுனை:

வரிசை: 52ஐ 0.65ஆல் வகுத்தால் 80 வரிசை.

நூலுக்குச் சமையலறைத் தராசு போதும். இப்போது பின்னிய 20 வரிசையோடு ஹூக்கைக் கழற்றாமல், மீதி உருண்டையை மட்டும் நிறுத்துப் பாருங்கள். 50 கிராமிலிருந்து எவ்வளவு குறைந்ததோ அதை நான்கால் பெருக்கினால் 80 வரிசைக்கான கணக்கு. உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால் 40 கிராம் பக்கம் வரணும். ஓரத்துக்கு ஒரு சுற்று பார்டர் போட 3 கிராம், தைக்க அரை மீட்டர் நூல். ஒரு உருண்டையில் முடியும், ஆனால் முறுக்கு வைக்க நீளம் கூட்டினால் விளிம்பில் நிற்கும். லேபிளில் அதே சாய எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்) உள்ள இரண்டாவது உருண்டையை வாங்கி வையுங்கள்.

லேசான சாய்வு சிம்பிள் ஸ்டிட்சில் வருவதுதான். தையல் கம்பிகள் முழுக்க ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன, நூலின் முறுக்கும் சேர்ந்து இழுக்கிறது. 80 வரிசைக்குப் பட்டை சாய்சதுரம் போல இருந்தாலும் நனைத்துக் குண்டூசி குத்திக் காய வைத்தால் நேராகும். சாய்வு அதிகமாக இருந்தால் காரணம் வேறு: இடது முனையின் கடைசி லூப்பை மற்றதைவிடக் குட்டையாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

80ஆவது வரிசையின் திரும்பும் நடை முடிந்ததும் மூட வேண்டும். அடுத்த கம்பிக்கு அடியில் ஹூக், நூலைச் சுற்றி, கம்பி வழியாகவும் ஹூக்கில் உள்ள லூப் வழியாகவும் ஒரே இழுப்பு. இதையே முனைவரை. கடைசியில் மறுபடி இரண்டு நூலையும் சேர்த்து. மூடாமல் நூலை அறுத்துவிட்டால் மேல் வரிசையில் வரிசையாகக் குட்டிக் குட்டி இடைவெளி தெரியும். மூடும்போது கை இறுகும், அதனால் அடி ஓரம் 9 செமீ, மேல் ஓரம் 8 செமீ என்று வந்துவிடும். லூப்பைக் கொஞ்சம் உயரமாக இழுத்தே போங்கள். பிறகு 40 செமீ நூலை விட்டு அறுங்கள்.

சாதாரண இணைப்பு: நல்ல பக்கம் உங்களைப் பார்க்க, இரண்டு முனையையும் தொட்டுக்கொள்ளும்படி தட்டையாக வையுங்கள். ஒரு பக்கம் மூடிய ஓரத்தின் 'வி', மறுபக்கம் செயினில் மிச்சம் வைத்த 'வி', இரண்டும் 16, 16. முனை மழுங்கிய பெரிய ஊசியால் இந்தப் பக்கம் ஒரு 'வி'க்கு அடியில், அந்தப் பக்கம் ஒரு 'வி'க்கு அடியில் என்று மாற்றி மாற்றிக் கோர்த்து, நாலைந்து தையலுக்கு ஒருமுறை இழுத்து மூடுங்கள். பாதி தையலிலேயே இறுக்கிவிட்டால் பிடரியில் கயிறு மாதிரி அழுத்தும்.

முறுக்கு வைப்பது: பட்டையை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, இரு முனையும் மேலே வரட்டும். முன் முனையை இடப்பக்கம் பாதி அகலம் நகர்த்துங்கள். இப்போது முன் முனையின் வலப்பாதி, பின் முனையின் இடப்பாதி மேல் கிடக்கும். முன் முனையின் வெளியே நிற்கும் இடப்பாதியைப் பின்னால் மடித்து, பின் முனையின் இடப்பாதிக்குப் பின்னே கொண்டுபோங்கள். பின் முனையின் வலப்பாதியை முன்னால் மடித்து எல்லாவற்றுக்கும் மேலே போடுங்கள். இரண்டு 'சி' ஒன்றையொன்று கவ்வின மாதிரி நான்கு அடுக்கு வரும். நான்கையும் சேர்த்துத் தைத்துவிட்டு உள்ளே வெளியே புரட்டினால் தையல் மறைந்து முறுக்கு மட்டும் தெரியும். வழக்கமாக எல்லாரும் தப்பு செய்வது ஊசி நான்கில் மூன்றை மட்டும் பிடிப்பது. ஒவ்வொரு குத்தலுக்கும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

துனிசியனில் நான்கு அடுக்கு என்பது சின்னத் தடிமன் இல்லை. அது உள்பக்கம் இடத்தைத் தின்னும். முறுக்குக்கு 2 செமீ, அதாவது 3 வரிசை கூட்டுங்கள். நிட் ஸ்டிட்சில் முறுக்கு வைக்க வேண்டாம் என்பேன், நெற்றியில் புடைப்பு மாதிரி நிற்கும்.


பட்டர்வொர்த் நூல்காரர் (பட்டர்வொர்த்):

பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன், பார்டர் விஷயத்தில் மட்டும் இல்லை.

பட்டையைச் சுற்றி சிங்கிள் குரோஷே பார்டர் போட்டால் சுருள் போகும் என்று நிறைய பேர் சொல்வார்கள். சுருள் போகும், கூடவே இழுவையும் போகும். ஓரத்தில் ஓடுகிற சங்கிலி இழுபடாவிட்டால் நடுவில் உள்ள துணி இழுபட்டு என்ன பயன்? பார்டர் கட்டாயம் என்றால் முனைகளைத் தைத்த பிறகு, வரிசைக்கு ஒரு தையல் வீதம், அதே 5.5 ஹூக்கில் போடுங்கள். போட்டு முடித்ததும் தலையில் மாட்டிப் பாருங்கள், இறுக்கினால் பிரித்துவிடுங்கள், யோசிக்காதீர்கள். இன்னொன்று: பிரிட்டிஷ் முறையில் எழுதிய பேட்டர்னில் இதையே டபுள் குரோஷே என்பார்கள். நம் நாட்டில் பழைய புத்தகங்கள் அந்த முறை, வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க முறை. கலந்து படித்தால் பார்டர் இரண்டு மடங்கு உயரம் வரும்.

பார்டரைவிடச் சுத்தமான வழி, துணிக்குள்ளேயே சுருளை முறிப்பது. பர்ல் தையல் அதற்குத்தான். நூலை ஹூக்குக்கு முன்னால் கொண்டுவந்து வைத்து, கம்பிக்கு அடியில் ஹூக்கை விட்டு, நூலைப் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றி இழுங்கள். பின்னால் போகிற பருமன் இப்போது முன்னால் ஒரு மேடாக வந்து நிற்கும். ஒரு சிம்பிள், ஒரு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டு, அடுத்த வரிசையில் மேடு உள்ள இடத்தில் சிம்பிள், மேடில்லாத இடத்தில் பர்ல் போட்டால் தேன்கூடு போல வரும். முன்னும் பின்னும் நூல் சமமாகப் பிரிவதால் துணி கிட்டத்தட்ட தட்டையாகவே கிடக்கும். முதல் தையலும் கடைசித் தையலும் எப்போதும் போல, நடுவில் உள்ள 14இல் மட்டும் மாற்றுங்கள். பொறுமை இல்லாதவர்கள் இரண்டு ஓரத்திலும் விளிம்பை ஒட்டிய இரண்டிரண்டு தையலை மட்டும் பர்லாகப் போட்டால் பாதிப் பலன் கிடைக்கும்.

வியர்வைக்கான ஹெட்பேண்டுக்கு இன்னொரு யோசனை. பிடரியில் 9 செமீ அகலம் தேவையே இல்லை, சட்டைக் காலரில் உரசும். ஒரு முனையில் 10 தையலில் ஆரம்பித்து, இரண்டு வரிசைக்கு ஒருமுறை ஒரு ஓரத்துக்கு ஒன்று என இரண்டிரண்டாகக் கூட்டி 16க்குப் போங்கள். மறுமுனையில் அதே கணக்கில் குறையுங்கள். குறைக்க, போகிற நடையில் இரண்டு கம்பிக்கு அடியில் சேர்த்து ஹூக்கை விட்டு ஒரே லூப்பாக எடுக்கணும். கூட்ட, இரண்டு கம்பிக்கு நடுவில் உள்ள இடைவெளியில் ஹூக்கை விட்டு ஒரு லூப் எடுக்கணும். விளிம்பிலேயே செய்யாமல் ஒரு தையல் உள்ளே தள்ளிச் செய்தால் ஓரம் படிக்கட்டு மாதிரி வராது.

பருத்தி தொய்ந்துவிடும் என்ற பயம் இருந்தால், பிடரிப் பகுதிக்கு 15 செமீ எலாஸ்டிக். மஸ்ஜிட் இந்தியா பக்கம் தையல் சாமான் கடைகளில் 2.5 செமீ அகலத்தில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பட்டையை 40 செமீயில் நிறுத்திவிட்டு இரு முனையிலும் எலாஸ்டிக்கை ஒன்றரை செமீ உள்ளே வைத்துத் தைக்கலாம். எலாஸ்டிக்கை எலாஸ்டிக்காகவே விட்டுவிடுங்கள், அதன் மேல் பின்னி மூடப் போய் அழகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.


அம்பாங் அக்கா:

எலாஸ்டிக் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா அது முடியைப் பிடிச்சு இழுக்கும், சுருட்டை முடிக்காரங்களுக்கு ரொம்ப. என் ஓட்டு கொஞ்சம் குறைச்சுப் பின்னுறதுக்குத்தான்.

கடைசி வேலை நனைச்சு நேராக்குறது. பருத்தியைத் தண்ணியில பத்து நிமிஷம் ஊற வச்சு, பிழியாம துண்டுக்குள்ள உருட்டி அமுக்கணும். அப்புறம் ரப்பர் பாய் மேல விரிச்சு, 9 செமீ அகலம் வர்ற மாதிரி ஓரத்துல 3 செமீக்கு ஒரு குண்டூசி. துருப்பிடிக்காத குண்டூசியா இருக்கணும், நம்ம ஊர் ஈரத்துல ஒரே ராத்திரியில மஞ்சள் கறை வச்சிடும். மழை நாள்ல வெளியில வச்சா காயாது, நாத்தம் பிடிக்கும். ஃபேனுக்கு நேரா ராத்திரி முழுக்க வைங்க. தைக்கிறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சா சாய்வும் போகும், முனைகளும் சரியாப் பொருந்தும்.

அக்ரிலிக்கைத் தண்ணியில நனைச்சா ஒண்ணும் ஆகாது, காஞ்சதும் பழையபடி சுருளும். அதுக்கு நீராவி வேணும். ஆவி அயர்ன்பாக்ஸை 3 செமீ உயரத்துல பிடிச்சு ஓட்டணும், துணியைத் தொட்டா உருகிப் பளபளப்பாயிடும், திரும்பாது. தொடாமலே ரொம்ப நேரம் ஆவி காட்டினாலும் நூல் செத்துப் போய் தொளதொளன்னு ஆகும். ஒரு இடத்துக்கு ரெண்டு மூணு வினாடி போதும்.

தலையில தேங்காய் எண்ணெய் வைக்கிறவங்க வீட்டுல வெள்ளை நூல் எடுக்காதீங்க. எண்ணெய் பட்ட இடத்துல பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி ஒரு சொட்டு விட்டுத் தேச்சு, அப்புறம் கையாலயே அலசணும். மெஷின்ல போடுறதா இருந்தா வலைப் பைக்குள்ள.


நூல்பந்து:

தேன்கூடு போட்டுப் பார்க்கிறேன். 16இல் நடு 14க்கு மட்டும் மாற்றினேன், 6 வரிசைக்கே தட்டையாகக் கிடக்குது!

கேமரன் ஹெட்பேண்டில் இரண்டு நிறம் கலக்கலாமா? 8 வரிசைக்கு ஒரு நிறம் என்று மாற்ற நினைக்கிறேன். எங்கே மாற்றுவது, வலது ஓரத்திலா இடது ஓரத்திலா?


கொக்கிமுனை:

வலது ஓரத்தில். எட்டாவது வரிசையில் திரும்பி வரும்போது ஹூக்கில் கடைசி இரண்டு லூப் மிஞ்சியதும் பழைய நூலை விட்டுவிட்டுப் புது நூலைச் சுற்றி அந்த இரண்டு வழியாகவும் இழுங்கள். அடுத்த வரிசையின் முதல் தையலே புது நிறமாக இருக்கும், கோடு சுத்தமாக விழும். இடது முனையில், திரும்பும் நடையின் ஆரம்பத்தில் மாற்றினால் ஒரு வரிசையிலேயே இரண்டு நிறமும் கலந்து புள்ளி புள்ளியாக வரும். அது வேண்டுமென்றே செய்தால் அழகு, தெரியாமல் செய்தால் கறை மாதிரி.

8 வரிசைக்கு ஒருமுறை என்றால் நூலை அறுத்துவிடுங்கள், ஓரத்தில் தூக்கிக்கொண்டு போனால் வலது பக்கம் இறுகிப் பட்டை வில்லாக வளையும். 2 வரிசைக்கு ஒருமுறை மாற்றும்போதுதான் தூக்கலாம். வால் நூல் ஒவ்வொன்றும் 12 செமீயாவது இருக்கட்டும். பின்பக்கம் படுத்து ஓடும் மேடுகளுக்கு அடியில் 5 செமீ ஒரு பக்கம், 2 செமீ திரும்ப எதிர்ப்பக்கம். ஒரே திசையில் செருகினால் அக்ரிலிக் வழுக்கி முதல் துவைப்பிலேயே வெளியே வந்துவிடும்.